பல்லி, உப்பு, சந்தனப் பொட்டு: ஒரு கணினியைச் சுத்தம் செய்த ஞாயிற்றுக்கிழமை

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருந்தது. 2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே அம்மா ஒட்டடைக் குச்சியோடு கிளம்பிவிட்டார். "அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியையும் துடைச்சு வைப்பா, பொட்டு வைக்கணும்" என்றார். பெட்டியின் முகப்பில் போன வருஷப் பொட்டு இருந்தது. அதன் கீழே அதற்கு முந்தைய வருஷத்துப் பொட்டு. 2015இல் வாங்கிய பெட்டி என்பதால் சந்தனம் பத்து அடுக்கு. கொஞ்சம் காற்று வரும் துளைகளுக்குள்ளேயே இறங்கிக் காய்ந்து கிடந்தது.

பெட்டிக்கும் உடம்பு சரியில்லைதான். ஒரு மாதமாக மிக்ஸி ஓடுவது போலச் சத்தம். மகள் ஏதாவது வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் அரை மணியில் தானாகவே அணைந்துவிடும். விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் பார்த்தால் சும்மா இருக்கும்போதே கணினியின் மூளையான பிராசசரின் சூடு 74 டிகிரி. "அக்டோபர் 14க்கு அப்புறம் விண்டோஸ் 10க்கு அப்டேட்டே வராதாம்ப்பா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்" என்று மகள் அடி போட்டுப் பார்த்தாள். பெட்டிக்குள் இருப்பது இன்டெலின் பழைய நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர். விண்டோஸ் 11 ஏற்காது, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைத் தாராளமாக ஏற்கும். அதனால் தூக்கிப் போடவில்லை, திறந்தேன்.

வீடு இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கடலூரில் தேவனாம்பட்டினம் போகிற வழி. சில்வர் பீச் மணலிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. இந்தப் பக்கம் கேட்டுக் கீலுக்கு வருஷா வருஷம் எண்ணெய் போட வேண்டும், சைக்கிள் செயின் ஒரு மழைக்காலத்தில் சிவந்துவிடும், ஜன்னல் கம்பி பெயிண்டைத் தள்ளிக்கொண்டு உப்பும். கணினிக்குள்ளும் அதே காற்றுதான் போகிறது. கணினியைச் சுத்தம் செய்யச் சொல்லித்தரும் வீடியோக்கள் எல்லாம் காய்ந்த ஊர்த் தூசியைத்தான் காட்டுகின்றன. எங்கள் ஊர்த் தூசி ஊதினால் பறக்காது, ஒட்டிக்கொள்ளும்.

காரணம் உப்பு. சாப்பாட்டு உப்பேதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் கசிகிறதே, அதே கதை. ஐப்பசி, கார்த்திகை ராத்திரிகளில் இங்கே அந்த அளவு சர்வசாதாரணம். அப்போது எல்லாப் பாகங்களும் பொருந்தியிருக்கும் மதர்போர்டின் மேல் படிந்த தூசி மெல்லிய உப்புத் தண்ணீர்ப் படலமாகிவிடுகிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தையும் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது வீட்டில் இதற்கு முந்தைய கணினி இருந்தது. வெள்ளம் உள்ளே வரவில்லை, பெட்டி நனையவும் இல்லை. தெருவில் மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆனதால் அத்தனை நாளும் சும்மா கிடந்தது. மின்சாரம் வந்த சந்தோஷத்தில் ஸ்விட்சைப் போட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. தினமும் ஓடுகிற கணினி தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்கிறது. கடலோரத்தில் ஓடாமல் கிடக்கிற கணினிதான் சீக்கிரம் சாகும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மின்சாரம் திரும்பியதும் உடனே போடவில்லை. பெட்டியைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் ஒரு பகல் முழுக்க வைத்துவிட்டுத்தான் போட்டேன். பிழைத்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் மின்சாரம். சுவர் ஸ்விட்சை அணைத்ததும் யுபிஎஸ் 'பீப், பீப்' என்று கத்த ஆரம்பித்தது. இதைக் கவனிக்காமல் கை வைப்பவர்கள் உண்டு. சுவரில் அணைத்தாலும் யுபிஎஸ் பேட்டரியிலிருந்து பெட்டிக்கு 230 வோல்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். யுபிஎஸ்ஸையும் அணைத்து, பெட்டியின் முதுகில் செருகியிருக்கும் கருப்பு வயரைக் கையால் உருவி எடுத்துத் தரையில் போட்ட பிறகுதான் நான் நம்புவேன். அதன் பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தேன். உள்ளே ஃபேன் ஒரு துளி அசைந்து நின்றது. தேங்கியிருந்த மிச்ச மின்சாரம் அப்படித்தான் வடியும்.

இன்னொன்று. சில மாதங்களாகவே வெறுங்காலோடு பெட்டியைத் தொட்டால் விரலில் 'சுர்' என்று இருந்தது. வயரை உருவுவதற்கு முன் டெஸ்டரைப் பெட்டியின் ஸ்க்ரூவில் வைத்துப் பார்த்தேன், மங்கலாக எரிந்தது. வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் மின் இரைச்சலை வடிகட்ட, மின்சாரத்தைத் தேக்கும் சின்னக் கெப்பாசிட்டர்கள் இரண்டு உண்டு. அவை எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாத வீட்டில் பெட்டியின் உடம்பு சுமார் பாதி வோல்ட்டேஜில் மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆனால் உறைக்கும். தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவர்ப் பலகையைத் திறக்கச் சொன்னால், மூன்றாவது ஓட்டைக்கு வயரே இழுத்திருக்கவில்லை! வீடு கட்டிய நாளிலிருந்தே அது வெறும் அலங்கார ஓட்டை. எர்த் வயர் இழுத்து முடித்த பிறகுதான் மற்ற வேலை. சுத்தம் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஒன்றைப் பார்த்துவிடுங்கள்.

பக்கத் தகட்டைக் கழற்றியதும் மகள் அலறினாள். "அப்பா, ஸ்கெலிட்டன்!" எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வயர்க் கற்றைக்கு நடுவே ஒரு பல்லி, காய்ந்து சருகாகிப் போயிருந்தது. அடியில் சின்ன வெள்ளை மிட்டாய் போல இரண்டு முட்டை ஓடு, இரண்டும் பொரிந்து காலி. அப்படியானால் குடும்பமே உள்ளே இருந்திருக்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், காஞ்சிபுரம் போறப்ப தங்கப் பல்லியைத் தொட்டுட்டு வந்துடு" என்றார். நான் கொன்றதாகவே முடிவு கட்டிவிட்டார்.

செத்த பல்லியைவிடத் தொல்லை உயிரோடு இருந்த பல்லிகளின் எச்சம். மதர்போர்டின் மேல் ஏழெட்டு இடத்தில் ஒட்டியிருந்தது. எச்சத்தின் வெள்ளை நுனி யூரிக் அமிலம். ஈரம் பட்டால் செம்பை அரிக்கும். நகத்தால் சுரண்டக் கை பரபரத்தது. சுரண்டினால் கடுகைவிடச் சின்ன பாகம் ஒன்று கூடவே பெயர்ந்து வந்துவிடும். அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளினேன்.

எதையும் கழற்றுமுன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன். முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் பொடி வயர்கள் எந்த ஊசியில் எது என்று திரும்ப மாட்டும்போது எவனுக்கும் ஞாபகம் இருக்காது.

தூசி எடுப்பதில் என் பழைய முட்டாள்தனம் ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன் இதே பெட்டியை டிவிஎஸ் வண்டியில் வைத்துப் பஞ்சர் கடைக்கே கொண்டுபோய், காற்றடிக்கும் குழாயால் ஊதச் சொன்னேன். ஒரே நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிட்டது. கூடவே இரண்டு வேலை நடந்தது. கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் தேங்கியிருக்கும். அது பொடித் துளியாக போர்டு முழுக்கத் தெளித்தது. அப்புறம், அந்த வேகத்தில் பின்பக்க ஃபேன் விமானம் போலச் சுற்றி ஒரு இறக்கை முறிந்து பறந்தது. ஊதிவிட்டவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்தது டயர். நான்தான் கணினியைக் கொண்டுபோனேன்.

இந்த முறை ஒன்றரை அங்குலப் பெயிண்ட் பிரஷ் ஒன்று, கையில் பிடிக்கும் சின்ன புளோயர் ஒன்று. பிரஷ்ஷில் முடியைப் பிடித்திருக்கும் தகரப் பட்டை போர்டில் கீறாமல் இருக்க அதைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். மாடியில் காலை எட்டு மணிக்குள் வேலை. எங்கள் ஊரில் காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். முற்பகல் தாண்டினால் கடற்காற்று திரும்பிவிடும், அப்போது திறந்த பெட்டியை மாடியில் வைப்பது உப்பளத்தில் வைப்பது போலத்தான். மூக்குக்கு கொரோனாக் காலத்து முகக்கவசம், மிச்சம் நிறைய இருக்கிறது.

பிரஷ்ஷால் கிளப்பிவிட்டு, ஒரு அடி தள்ளி நின்று ஊதினேன். ஒவ்வொரு ஃபேனையும் விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். சும்மா விட்டால் பேரிங் போகும், சுற்றுகிற மோட்டார் ஜெனரேட்டராக மாறி போர்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பியும் விடலாம். வீட்டு வேக்குவம் கிளீனரை மட்டும் உள்ளே விடவில்லை. அதன் பிளாஸ்டிக் மூக்கில் நிலை மின்சாரம் சேரும். உண்மையைச் சொன்னால் நம் ஊர் ஈரக்காற்றில் நிலை மின்சாரப் பயம் டில்லிக் குளிர்காலத்தில் இருப்பது போல இல்லை. இருந்தாலும் பாலியஸ்டர் சட்டையைத் தவிர்த்து, நடுநடுவே பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டேன்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவில்லை. நீங்களும் திறக்காதீர்கள். வயரை உருவிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். வெளிச்சல்லடை வழியே ஒரு ஈர்க்குச்சியின் நுனியை விட்டு ஃபேன் இறக்கையை மட்டும் நிறுத்திக்கொண்டு ஊதினேன். வந்த தூசியில் ஒரு குருவி கூடு கட்டலாம்.

அடுத்து, பிராசசரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க். மிக்ஸிச் சத்தத்துக்குக் காரணம் இங்கே இருந்தது. ஃபேனுக்கு அடியில், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே, தூசி கம்பளி அடை மாதிரி பின்னிக் கிடந்தது. மேலிருந்து எத்தனை ஊதினாலும் அது நகராது, கழற்றத்தான் வேண்டும். இன்டெலின் கூடவே வருகிற வட்ட ஹீட்சிங்க்குக்கு நாலு மூலையில் நாலு பிளாஸ்டிக் ஊசி. தலையில் போட்டிருக்கும் அம்புக்குறிப் பக்கம் கால் திருப்பு திருப்பி மேலே இழுத்தால் விடும். சூட்டைக் கடத்துவதற்காக அடியில் தடவியிருக்கும் பழைய பேஸ்ட் இறுகியிருந்தால் பலவந்தமாகத் தூக்காமல், இடதும் வலதுமாக மெல்லத் திருகிப் பிரிக்க வேண்டும். எனக்கு எளிதாகவே வந்தது, ஏனென்றால் பேஸ்ட் சுண்ணாம்பு போலக் காய்ந்து உதிர்ந்தேவிட்டது. பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே இருந்தது பேருக்குத்தான்.

ஃபேனைப் பிரித்துவிட்டு, அலுமினியத்தை மட்டும் சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பகல் முழுக்கக் காய வைத்தேன். இந்த முழு வேலையிலும் குழாயடிக்குப் போனவை இரண்டே. ஒன்று இந்த அலுமினியம், இன்னொன்று கீபோர்டின் எழுத்து மூடிகள்.

போர்டுக்கு ஐபிஏ, அதாவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மொபைல் சர்வீஸ் செய்பவர்கள் வாங்கும் ஸ்பேர்ஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டாலே தருகிறார்கள். 99 சதவீதம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி 30 தண்ணீர், காய நேரமாகும். சர்ஜிகல் ஸ்பிரிட்டும் கை கழுவும் சானிடைசரும் வேண்டாம். ஒன்றில் எண்ணெய் வகை சேர்க்கப்பட்டிருக்கலாம், இன்னொன்றில் கிளிசரின் உண்டு. இரண்டும் பிசுக்கை விட்டுப்போகும், அந்தப் பிசுக்கில் மறுபடி உப்புத் தூசி ஒட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஐபிஏ பெட்ரோலுக்குத் தம்பி. அறை வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். அம்மா சாமி அறையில் விளக்கேற்றி முடிக்கும் நேரம் பார்த்து நான் கூடத்தில் பாட்டிலைத் திறந்தேன், கற்பூரத் தட்டோடு அவர் இந்தப் பக்கம் வந்தார். "அங்கேயே நில்லும்மா!" என்று கத்தியதில் பாவம் அவர் பயந்தேவிட்டார். பாட்டிலை மூடி, எல்லாவற்றையும் மறுபடி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

பல்லி எச்சத்தின் மேல் ஐபிஏ தோய்த்த பட்ஸை வைத்து ஒரு நிமிடம் ஊறவிட்டேன். பிறகு ஒற்றி எடுத்தேன். வெள்ளைப் பகுதி ஆல்கஹாலில் சரியாகக் கரையவில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பட்ஸை லேசாக நனைத்து ஒற்றினால் வந்தது. தண்ணீர் தொட்ட இடமெல்லாம் மறுபடி ஐபிஏ, அது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஆவியாகும். பின்பக்க யுஎஸ்பி துளைகளில் இரண்டில் பச்சைக் களிம்பு. அங்கே பல் பிரஷ்ஷும் ஐபிஏவும். ஒன்று பிழைத்தது, இன்னொன்றின் தகடு அரித்து உள்ளேயே விழுந்துவிட்டது. அதை டேப் போட்டு மூடிவிட்டேன்.

நினைவகத் தகடான ராமை உருவி அதன் தங்கப் பல்லை அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் முதல் வைத்தியம். பலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, வருஷா வருஷம் தேய்த்தால் தேய்ந்துபோகும். ஐபிஏ தொட்ட பனியன் துணியால் துடைத்தே கறுப்பு வந்தது, அதோடு விட்டேன். காசு போலிருக்கும் சிஆர் 2032 பேட்டரியையும் மாற்றினேன், தேதி அடிக்கடி பின்னால் போய்க்கொண்டிருந்தது.

பிராசசர் தலையில் புதுப் பேஸ்ட். ஒரு துவரம்பருப்பு அளவு, நடுவில் ஒரே சொட்டு. தோசைக்கு எண்ணெய் விடுவது போலப் பரப்ப வேண்டியதில்லை, ஹீட்சிங்க் அழுத்தும்போது தானே பரவும்.

இதெல்லாம் காய்கிற நேரத்தில் மகள் கீபோர்டைப் பிடித்தாள். போட்டோ எடுத்துவிட்டு மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஸ்பேஸ் பார், என்டர் மாதிரி நீள மூடிகளுக்கு அடியில் கம்பி உண்டு, அவற்றைப் பலவந்தப்படுத்தக் கூடாது. உள்ளே முறுக்குத் தூள், பண்ருட்டி முந்திரியின் தோல், குங்குமம், விபூதி, பழைய சிம் கார்டு ஒன்று. மூடிகள் சோப்புத் தண்ணீருக்கு, உடம்பைக் கவிழ்த்துத் தட்டி பிரஷ். மூடிகளை நிழலில் ஒரு நாள் காய வைத்தோம். மௌஸில் சக்கரத்தைச் சுற்றியிருந்த தலைமுடியை ஊசியால் எடுத்தாள், அடிக்கண்ணை உலர்ந்த பட்ஸால் துடைத்தாள், அவ்வளவுதான். ஸ்பீக்கர் சல்லடைக்கு உலர்ந்த பிரஷ் போதும்.

மானிட்டரில் பொட்டு நேராகத் திரையின் மேல் விளிம்பிலேயே இருந்தது. கண்ணாடி துடைக்கிற நீலத் திரவத்தைத் தெளிக்கப்போன அம்மாவைத் தடுத்தேன். கணினித் திரையின் மேல் பளபளப்பைக் குறைக்கும் மென்மையான பூச்சு உண்டு, அம்மோனியா பட்டால் திட்டுத் திட்டாகும். நேராகத் தெளித்தால் இன்னொரு ஆபத்து. துளி வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும், திரையை இயக்கும் மின்னணுப் பகுதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மைக்ரோஃபைபர் துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, காய்ந்த சந்தனத்தின் மேல் வைத்து ஊறவிட்டுத்தான் எடுத்தேன். தேய்த்தால் சந்தனமே உப்புத்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. நீளமான 'பீப்', மறுபடி 'பீப்'. மகள் என்னைப் பார்த்த பார்வையில் புதுக் கணினியின் விலைப்பட்டியலே தெரிந்தது. திரும்ப எல்லா வயரையும் உருவி ராமைப் பார்த்தால், ஒரு முனையின் கொக்கி மூடவில்லை. 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன், திரை வந்தது.

சந்தோஷப்பட்டு முடியவில்லை, பயாஸில் சூடு 60, 70, 80 என்று ஏறியது. உடனே அணைத்தேன். ஹீட்சிங்க்கின் நாலு ஊசியில் ஒன்று போர்டின் மறுபக்கம் விரியாமல் பாதியில் நின்றிருந்தது. ஒரு மூலை தூக்கினால் பேஸ்ட் இருந்தும் பயனில்லை. துடைத்து, மறுபடி ஒரு துவரம்பருப்பு வைத்து, இந்த முறை எதிரெதிர் மூலையாக அழுத்தினேன். 38 டிகிரியில் நின்றது. மகள் ஒரு மணி நேரம் வீடியோ ஓட்டியும் 60ஐத் தாண்டவில்லை. ஃபேன் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. செலவு, எலக்ட்ரீஷியனை விட்டால், அறுநூறு ரூபாய்க்குள்.

புதன்கிழமை பூஜை. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். துளை இருக்கும் பக்கம் வேண்டாம், திரையிலும் வேண்டாம், மேல் தகட்டில் நடுவில் வைக்கலாம் என்று பேச்சுவார்த்தை முடிந்தது. குங்குமத்தைத் தூவாமல் சந்தனத்தின் மேல் ஒற்றி வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக் கூடாது என்பதில் மகளுக்கு ஏக மகிழ்ச்சி, பாடப் புத்தகமும் அங்கேதான் இருந்தது.

பல்லி எந்த வழியாக வந்தது என்று விஜயதசமியன்றுதான் கண்டுபிடித்தேன். முதுகுப் பக்கத்தில், கார்டு செருகும் இடத்தை மூடும் நீளத் தகடுகளில் ஒன்று இல்லை. விரல் அகலச் சந்து, உள்ளே கதகதப்பு, வெளிச்சத்துக்கு வரும் பூச்சி. பல்லிக்கு வேறென்ன வேண்டும்? பழைய கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி உள்பக்கமாக டேப் போட்டு ஒட்டினேன், ஃபேன் காற்று போகிற வழியை மட்டும் விட்டுவிட்டு. அன்று ராத்திரி மானிட்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு குட்டிப் பல்லி அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.